வட்டம் போடாத வெடிப்பு

அவருடைய நாக்கு எப்போதும் வெள்ளையாக இருக்கும். வெற்றிலை போடுகிறவர்களுக்குச் சிவந்திருப்பது போல, அவருக்கு வெண்கட்டி. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதுகிற அதே வெண்கட்டிதான். சட்டைப்பையில் ஒரு துண்டு, காதிடுக்கில் ஒரு துண்டு. பழைய சாமான் ஏதாவது கடைக்குள் வந்தால் முதலில் துணியால் துடைப்பார். பிறகு விரல் முட்டியால் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். பிறகு வெண்கட்டியை நாக்கில் தொட்டு நனைத்து, எங்கே உடைந்திருக்கிறதோ, எங்கே கீறியிருக்கிறதோ, அங்கெல்லாம் வட்டம் போடுவார். காய்ந்த வெண்கட்டி பீங்கானிலும் கண்ணாடியிலும் பிடிக்காது. எச்சில் பட்டால் பிடிக்கும்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட, டயர்க் கடைக்கும் சைவச் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவே போகிற சந்தில் அவருடைய கடை இருந்தது. பழைய மணிக்கூடு, பித்தளை விளக்கு, தோட்டத்து பங்களாக்களில் இருந்து வந்த கதிரை, பீங்கான் தட்டு, துரைமார் விட்டுப்போன நிலைக்கண்ணாடி. எல்லாவற்றிலும் வெள்ளை வட்டங்கள். கண்டியில் இந்த வியாபாரம் செய்கிறவர்கள் உடைந்த பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி வைப்பார்கள். இவர் றோட்டுக்குத் திருப்பி வைப்பார்.

"என்ன நானா, உங்க சாமானுக்கெல்லாம் அம்மை போட்டிருக்கு?" என்று சாப்பாட்டுக் கடைக்காரர் வாசலில் நின்று கேட்பார்.

"வெளிய போட்ட அம்மை நல்லது. உள்ளுக்குப் போட்டாத்தான் ஆள் முடியும்" என்பார் இவர்.

நானா என்றால் முஸ்லிம் ஆட்களுக்கு அண்ணன். அவரைவிட வயதில் மூத்தவர்களும் அவரை நானா என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். வேறு பெயர் சொல்லி யாரும் அழைத்து நான் கேட்டதில்லை.

நான் அந்தக் கடைக்குப் போனது வேலை தேடி அல்ல. மழைக்கு ஒதுங்கினேன். வத்தேகமப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பேக்கரிப் பாண் லொறியில் போய், கொழும்பில் கட்டடம் கட்டி, மாலைதீவில் ஹோட்டலில் கோப்பை கழுவி, திரும்பி வந்து எங்கும் தரிக்காமல் சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. கையில் ஒரு பை மட்டும். அவர் ஒரு பெரிய அலுமாரியைத் தனியே நகர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தார். போய் ஒரு பக்கம் பிடித்தேன். நகர்த்தி முடிந்ததும் சூடாகத் தேத்தண்ணீர் தந்தார்.

"வேல செய்வியா?"

"செய்வேங்க."

"அப்ப செல்லு. உனக்கு எங்கெங்க வெடிப்பு ஈக்கு?"

எனக்கு விளங்கவில்லை. அவர் சுற்றிலும் இருந்த சாமான்களைக் கையால் காட்டினார். அதற்குப் பிறகு விளங்கியது. ஓர் இடத்தில் அதிக நாள் இருக்க மாட்டேன் என்றேன். எழுதப் படிக்கத் தெரியும், கணக்கு சுமார் என்றேன். கொழும்பில் கட்டடச் சாரத்தில் இருந்து விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது, இன்னும் பலம் இல்லை என்றேன். சம்பளம் வாங்கிய நாளில் குடிப்பேன் என்றும் சொல்லிவிட்டேன்.

"மறைச்சு வெச்சது?"

"அவ்வளவுதாங்க."

"பாப்போம்" என்றார். "வாங்கினவன் ஊட்டுக்குப் போய்க் காணக்கூடாது. இங்கயே கண்டிரணும். அதுக்குத்தான் கேட்டேன்."

அன்று முதல் என்னை ஊர்சுத்தி என்று கூப்பிட்டார். அதில் ஏளனம் இல்லை. அது என்மேல் போட்ட ஒரு வட்டம், அவ்வளவுதான். பாரமான சாமான் தூக்கும்போது, "நீ அந்தப் பக்கம் பிடி, உன்ட வெடிப்பு எனக்குத் தெரியும்" என்று பாரம் கூடிய பக்கத்தை அவரே எடுப்பார். நான் வேலை செய்த வேறு எந்த இடத்திலும் என் மணிக்கட்டை யாரும் நினைவில் வைத்திருந்ததில்லை. ஓர் இடத்தில் என் குறைகள் எல்லாம் தெரிந்திருப்பதும், அதற்காக யாரும் என்னை விரட்டாததும் எனக்குப் புதிது. மற்ற இடங்களைவிட அங்கே அதிக காலம் இருந்துவிட்டேன்.

அதற்காக அவரோடு இருப்பது எப்போதும் சுகமாக இருந்தது என்று சொல்ல முடியாது.

ஒருநாள் புதிதாகக் கல்யாணமான ஓர் இளைஞன் தன் தகப்பன் வைத்திருந்த கிராமபோனை விற்கக் கொண்டுவந்தான். கூடவே மனைவியும் வந்திருந்தாள். அவன் அதைப்பற்றி அவளிடம் வீட்டில் நிறையப் பேசியிருக்க வேண்டும். பெட்டியை மேசையில் வைத்த விதத்திலேயே அது தெரிந்தது. நானா துடைத்தார், தட்டினார், வெண்கட்டியை நாக்கில் தொட்டார். புனல் வேறு பெட்டிக்குரியது, ஒரு வட்டம். மரத்தில் பூச்சி, ஒரு வட்டம். சுற்றுகிற கைப்பிடி புதிது, ஒரு வட்டம். போட்டுக்கொண்டே போனார். அந்தப் பெண் கிராமபோனைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுடைய காது சிவந்துவிட்டது. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஏதோ எடுக்கிறவன் போல உள்ளே போனேன்.

அவர்கள் போன பிறகு சொன்னேன்: "நானா, அந்தப் புள்ள முன்னாடி வேணாமே."

அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "ஏன்? அவளுக்கும் தெரியட்டும். பொறகு தெரிஞ்சா அவனுக்குத்தான் மோசம். நான் நல்ல விலைதானே குடுத்தேன்?"

நல்ல விலைதான் கொடுத்தார். தேத்தண்ணீரும் வரவழைத்தார். அந்த இளைஞன் அதைக் குடிக்கவில்லை. அது ஏன் என்று நானாவுக்குப் பிடிபடவே இல்லை. வட்டம் போடுவது அவருக்கு இரக்கம் காட்டுவது போல. வட்டத்துக்குள் நிற்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று அவர் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய தேவை அவருக்கு வந்ததும் இல்லை.

தனக்கும் அதே சட்டம்தான் வைத்திருந்தார். ஒருமுறை ஒரு மேசை விளக்கின் அடியில் ஈயம் வைத்துப் பூசியிருந்ததைக் கவனிக்காமல் விற்றுவிட்டார். வாங்கியவர் மாத்தளைக்காரர், அவரும் கவனிக்கவில்லை. இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்துவிட்டு, பஸ் ஏறிப் போய், அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லப் பணத்தைக் கையில் வைத்துவிட்டு விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். மடியில் விளக்கோடு பஸ்ஸில் இருந்து இறங்கியபோது அவர் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

பிறகு அந்த மழை வந்தது. எல்லாப் பக்கமும் மண் சரிந்த மழை. கலகெதர றோட்டில், மேட்டில் இருந்த அவருடைய வீட்டுக்குப் பின்னால் மலை வெட்டிய இடம் இறங்கி, சமைக்கிற குசினியையும் பின் அறையையும் மூடியது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அவரும் அவருடைய மனைவியும் முன் வாசலால் ஓடிவந்துவிட்டார்கள். அரசாங்கத்து ஆட்கள் வந்து பார்த்து, முன்பக்கம் நன்றாக இருக்கிறது, ஆனால் பின்னால் கருங்கல்லால் அணைச்சுவர் எழுப்பாமல் யாரும் குடியிருக்கக் கூடாது, அடுத்த மழைக்கு மிச்சமும் இறங்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நானா கடைக்குள் ஒரு பழைய கட்டிலில் படுத்துக்கொண்டார். அவருடைய மனைவி கலகெதரையில் தன் தம்பி வீட்டுக்குப் போனார். அவரை நான் மதினி என்று கூப்பிடுவேன். கட்டாரில் இருந்த ஒரே மகன் அனுப்புவது அவன் பிள்ளைகளுக்கே போதவில்லை. கடையில் மழைக்குப் பிறகு யாரும் பழைய சாமான் வாங்கவில்லை. எல்லாரும் கூரைத்தகடு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினியைப் பார்க்கப் போனபோது என்னையும் அழைத்துக்கொண்டு போனார். பெரிய வீடு, பளிங்குத் தரை. தம்பியின் மனைவிதான் வாசலுக்கு வந்தார்.

"வாங்க மச்சான், வாங்க. மதினி குசினில. நான் வேணாம் வேணாம் எண்டு செல்லியும் கேக்கிறாவா? எல்லா வேலையும் அவதான். எங்களுக்கு இப்ப வேலைக்கு ஆள் தேவையே இல்ல பாருங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கெட்ட மனுஷி என்று சொல்ல மாட்டேன். மதினி சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நானா பழக்கத்தில், "ஒரு தேத்தண்ணி போடு" என்றார். மதினி உடனே திரும்பவில்லை. முதலில் தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவர் தலையசைத்த பிறகுதான் குசினிக்குள் போனார்.

நான் அதைக் கண்டேன். நானாவும் கண்டார். தேத்தண்ணீர் வந்தபோது குடிக்காமல் கீழே வைத்துவிட்டார். கதிரையின் நுனியில், எழும்பச் சொன்னால் எழும்பி ஓடுகிறவர் போல உட்கார்ந்திருந்தார். எனக்கு என் காலில் இருந்த செருப்பு அழுக்குகூட அந்தப் பளிங்குத் தரையில் பெரிதாகத் தெரிந்தது.

புறப்படும்போது மதினி கேட் வரை வந்தார். பழைய படுக்கை விரிப்பில் சுற்றிய ஒரு பொதியைக் கொண்டுவந்து நானாவின் கையில் கொடுத்தார். என்னவென்று எனக்கும் தெரியும். அவர்கள் வீட்டு முன்னறையில் இருந்த பூச்சாடி. என் முழங்கால் உயரம். கழுத்தில் பாசிப் பச்சையாகத் தொடங்கி, வயிற்றில் வழிந்து, அடியில் தேன் நிறமாக முடியும். இரண்டு பக்கமும் இலை சுருண்டது போலக் கைப்பிடி. மதினியின் தகப்பன் தையல்காரர். பங்களாவுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுத்ததற்கு, ஊரை விட்டுப் போன துரையம்மா கொடுத்தது. சீமையில் ஒரு கைவினைக்காரர் ஒவ்வொன்றாகச் செய்தது, அச்சில் வார்த்தது இல்லை என்று நானா பலமுறை சொல்லியிருக்கிறார். யார் கேட்டும் விற்றதில்லை.

"இத வித்திருங்க" என்றார் மதினி. "அடுத்த மழைக்கு முந்தி எனக்கு என்ட ஊட்டுக்குப் போகணும். முழுச் சுவரும் கட்டிக் குடுங்க. வேற ஒண்டும் கேக்கல்ல."

நானா விரிப்பை விலக்கினார். கை தானாக மடிந்து தட்டப் போனது. மதினி சட்டென்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தட்டாதீங்க. நானே செல்றேன்."

நான் தள்ளி நிற்கப் பார்த்தேன். இடம் இல்லை, ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் றோட்டு.

"மகன் நடக்கத் தொடங்கின காலம். இழுத்துப் போட்டுட்டான். வயித்துல கையளவு ஒரு துண்டு ஒடஞ்சு பெய்ட்டு. போர்ட் எழுதுற சிங்கள மாத்தயாகிட்டக் குடுத்து ஒட்டி, பெயின்ட் அடிச்சு வாங்கினேன். கண்ணுக்குத் தெரியாது. தட்டினாத்தான் தெரியும்."

"எனக்குச் செல்லல்லையே நீ."

"செல்லி? ஊட்டுக்குள்ளயும் வட்டம் போடுவீங்க. வார போறவங்களுக்கெல்லாம் காட்டுவீங்க. என்ட வாப்பா தந்த ஒரே சாமான்."

நானா விரிப்பை மறுபடி சுற்றிக்கொண்டார். பஸ்ஸில் வரும்போது பொதியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். பாலம் நெருங்கியபோதுதான் வாய் திறந்தார்.

"ஊட்டுச் சாமான நான் தட்டிப் பாத்ததே இல்ல, ஊர்சுத்தி."

வாங்கக்கூடியவர் என்று அவருக்குத் தோன்றியது ஒரே ஓர் ஆள்தான். கண்டிக் குளத்துக்கு மேலே, மேட்டுத் தெருவில் இருந்த டொக்டரம்மா. யாழ்ப்பாணத்துக்காரர், வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், பழைய சாடிகள் சேர்க்கிறவர். நானா கடையில்தான் வாங்குவார். மற்றக் கடைகளில் கண்ணாடி போட்டுக்கொண்டு அரைமணி நேரம் பார்க்க வேண்டும், இங்கே வட்டத்தைப் பார்த்தால் போதும் என்பார். வட்டத்துக்கு வட்டம் விலையும் குறைப்பார். இரண்டு பேரும் பேரம் பேசுவதைக் கேட்கவே சந்தில் ஆட்கள் நிற்பார்கள்.

டொக்டரம்மா வருவதாகச் சொன்ன அன்று காலையில் நானா சாடியை மேசையில் வைத்தார். துடைத்தார். தட்டவில்லை. அடியில் யாரோ ஒரு துரை மின்விளக்காக்குவதற்கு வயர் போடத் துளைத்த ஓட்டை, அதற்கு ஒரு வட்டம். கால் விளிம்பில் சின்ன உடைசல், அதற்கு ஒரு வட்டம். கழுத்தின் மெருகில் சிலந்தி வலை போலக் கீறல்கள், அதற்கு ஒரு வட்டம். பிறகு வயிற்றுப் பக்கம் வந்து நின்றார். வெண்கட்டியை நாக்கில் தொட்டார். தொட்டபடியே நின்றார். பிறகு அதைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும்.

"சொல்லியே வித்தா என்ன நானா?"

"செல்லலாம். செல்லினா பாதி விலைக்குத்தான் கேப்பாங்க. அதுதான் நியாயமும்." துணியை நான்காக மடித்தார். "பாதிச் சுவர் மண்ண நிப்பாட்டுமா?"

ஒரு வட்டமும் போடாமல் விட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. சின்னச் சின்னக் குறைகளை எல்லாம் நேர்மையாகக் காட்டி, அந்த நேர்மையாலேயே பெரியதை மூடியிருந்தார். அதைச் செய்யத் தெரிந்த ஒரே ஆள் கண்டியில் அவர்தான். வேறு யார் செய்தாலும் எடுபடாது.

டொக்டரம்மா வந்தார். கைப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு, "இதுதானோ? அடடா. இவ்வளவு நாளும் வீட்டுக்குள்ள ஒளிச்சு வைச்சிருந்தியளே நானா, கள்ளன்" என்றார்.

வழக்கமாக அதற்கு நானா ஏதாவது திருப்பிச் சொல்லிச் சிரிக்க வைப்பார். அன்று அந்தச் சொல்லைக் கேட்டதும் துணியை எடுத்து மேசையைத் துடைத்தார்.

"பாருங்க மெடம். வட்டம் போட்டு ஈக்கு."

டொக்டரம்மா மூன்று வட்டங்களையும் பார்த்தார். அடியைப் பார்க்க வேண்டும் என்றார். நானா சாடியைத் தூக்கி, பிள்ளையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துச் சாய்த்துக் காட்டினார். அடியைப் பார்த்த பிறகும் கீழே வைக்கவில்லை. அவருடைய வலது உள்ளங்கை சாடியின் வயிற்றில் விரிந்து கிடந்தது. டொக்டரம்மா கழுத்துப் பக்கத்தில் மெல்லத் தட்டினார். நல்ல சாடி மணி போலக் கேட்க வேண்டும். மரப்பெட்டியைத் தட்டியது போலக் கேட்டது.

"கை வெச்சு ஈக்கேன் மெடம். அதான் சத்தம் வரல்ல."

அவர் கேட்கவே இல்லை. இவராகச் சொன்னார்.

அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதும் அதுவரை எனக்குத் தெரியாது. குரல் உயர்ந்து, யாரோ வேறு ஆள் பேசுவது போல இருந்தது. நான் டயர்க் கடைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டொக்டரம்மா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தார்.

"ஓம்" என்றார். "கை இருந்தால் அப்பிடித்தான்."

கொஞ்சம் பொறுத்து, "உங்கட வீட்டுக்காரி இன்னும் கலகெதரையிலோ?" என்று கேட்டார்.

"ஓ மெடம்."

"எப்ப வருவா?"

"சுவர் கட்டினா வருவா."

டொக்டரம்மா கைப்பையைத் திறந்தார். நானா சொன்ன விலையைக் கேட்டு ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. மூன்று வட்டத்துக்கும் ஒன்றும் குறைக்கவில்லை. அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. நானா குனிந்து பணத்தை மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

சாடியை நான்தான் காருக்குத் தூக்கிப் போனேன். டிரைவர் கதவைத் திறந்தார். டொக்டரம்மா பின் சீட்டில் ஏறி, "மடியில தாங்கோ தம்பி, நான் பிடிச்சுக்கொண்டு போறன்" என்றார். வாங்கியதும் விரல்களை அதன் வயிற்றில் மெல்ல ஓட்டினார். ஓர் இடத்தில் நின்றது.

"இந்த இடந்தானே?"

நான் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நோகிற இடத்தில கையை வைச்சுக்கொண்டுதான் சனம் எங்களிட்ட வரும். இஞ்ச ஒண்டுமில்லை டொக்டர் எண்டு சொல்லும். அந்தக் கையை எடுங்கோ எண்டு எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பன். இண்டைக்குச் சொல்ல மனம் வரேல்லை." சேலைத் தலைப்பைச் சாடிமேல் போட்டு மூடினார். "அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. பாவம் மனிசன்."

கார் பாலத்தில் ஏறும் வரை நின்றுவிட்டுத் திரும்பினேன். திரும்ப மனமில்லை. சாப்பாட்டுக் கடைக்காரர், "என்ன, சாடி போயிருச்சா? நல்ல விலையா?" என்று கேட்டார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

நானா கதிரையில் இல்லை. சாமான்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தார். வலது கையை மடியில் மல்லாத்தி வைத்திருந்தார்.

"அவங்க கண்டாங்களா?"

காணவில்லை என்று சொல்வது சுலபம். டொக்டரம்மா கேட்டுக்கொண்டதும் அதுதான். ஆனால் அவரை எனக்குத் தெரியும். காணவில்லை என்றால் இரண்டு நாள் பட்டினி கிடப்பார். மூன்றாம் நாள் லாச்சியைத் திறந்து பணத்தை எடுத்துக்கொண்டு மேட்டுத் தெருவுக்குப் போவார். மாத்தளைக்குப் போனது போல. மதினி இன்னும் ஒரு மழைக்காலம் தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்துத்தான் தேத்தண்ணீர் போடுவார். கண்டார் என்றால் அவர் யாரையும் ஏமாற்றவில்லை என்று ஆகும். வாங்கியவர் கண்டுகொண்டுதான் வாங்கியிருக்கிறார், அவருடைய சட்டப்படியே அது சரியான வியாபாரம், பணம் அவருடையது. ஆனால் தான் கையால் மூடிக்கொண்டு நின்றதையும் ஒருவர் பார்த்து, பார்த்ததைச் சொல்லாமல், பிச்சை போடுவது போல விலை கொடுத்துவிட்டுப் போனார் என்பதையும் அவர் விழுங்க வேண்டும்.

"கண்டாங்க" என்றேன்.

"எப்ப? கார்லயா?"

"இல்ல நானா. இங்கயே. நீங்க வச்சிருக்கும்போதே."

"கண்டுட்டா எடுத்தாங்க?"

"ஆமாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சந்தில் டயர் உருட்டுகிற சத்தம் கேட்டது. நான் துணியை எடுத்து ஏற்கெனவே துடைத்த தட்டுகளை மறுபடி துடைத்தேன். வெகுநேரம் கழித்து, எனக்குச் சொல்லாமல் தனக்கே சொல்வது போல, "அப்ப பணம் சுத்தம்" என்றார். அதைச் சொன்னபோது விளக்கோடு மாத்தளையில் இருந்து வந்திறங்கிய முகத்தை நான் தேடினேன். அவர் நிமிரவில்லை.

பிறகு எழும்பி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேசனுக்கு ஃபோன் எடுத்தார். கல் எவ்வளவு, மணல் எங்கே இறக்குவது, திங்களே தொடங்கலாமா என்று குரலை உயர்த்திப் பேசினார். பேசி முடித்த பிறகும் திரும்பாமல் நின்றார்.

"ஊர்சுத்தி."

"என்னங்க?"

"நீ எப்பப் போறே?"

நான் அங்கே இருந்த காலம் முழுவதும் அவர் அதைக் கேட்டதில்லை. விரட்டுகிற குரல் இல்லை. தண்ணீர் கேட்பது போல, தன்னால் தாங்க முடியாத ஒன்றைக் கேட்பது போலக் கேட்டார். தன்னைக் கண்டவன் ஒருவன் தினமும் காலையில் வந்து கதவைத் திறந்து, அதே மேசையைத் துடைத்துக்கொண்டு நிற்பதை அவரால் பார்க்க முடியாது. டொக்டரம்மா மேட்டுத் தெருவில் இருக்கிறார், வராமல் விட்டுவிடலாம். நான் கடைக்குள் இருந்தேன்.

"சுவர் எழும்பினதும் போறேன்" என்றேன்.

"சரி" என்றார்.

சுவருக்குக் கல் சுமந்தேன். என்னோடு அவர் முன்னைவிட மரியாதையாகப் பேசினார், வாங்க போங்க என்று. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மழைக்கு முன்னால் சுவர் முழுதாக எழும்பியது. மதினி சட்டி பானைகளோடு ஒரு முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார் என்று கேள்விப்பட்டேன். நான் அதற்கு முதல் நாளே பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டிருந்தேன்.

இப்போது குருநாகல் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் வேலை. கண்டிக்கு வர வேண்டியிருந்தால் கட்டுகஸ்தோட்டையைத் தாண்டித்தான் வர வேண்டும். பாலத்துக்குக் கிட்ட பஸ் எப்படியும் நெரிசலில் நிற்கும். சில நாட்களில் அவர் சந்து முனையில் நின்று யாரோடாவது பேசிக்கொண்டிருப்பார். தாடி நரைத்துவிட்டது. நான் ஒரு பிழையும் செய்யவில்லை. இருந்தும் பஸ் நின்றதும் குனிந்து, செருப்பு வாரைச் சரிசெய்கிறவன் போல, அது புறப்படும் வரை கீழேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் கண்ணில் நான் பட்டுவிடக் கூடாது.